டோக்கன் நைனாவும் சொர்க்கத்து ஓடிபியும்

திருப்பதிக்கு வருகிற அத்தனை பேரும் கடவுளைப் பார்க்கத் துடிக்கிறவர்கள். கடவுள் வீட்டு வாட்ச்மேனை நினைத்து நடுங்கிய ஒரே ஆத்மா எங்கள் டோக்கன் நைனாதான்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில், பக்தர்களின் பைகளை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுக்கும் கடை அவருடையது. மாடியில் நான் வாடகைக்கு இருந்தேன். டோக்கன் கொடுப்பாரே தவிர, திரும்பி வரும்போது அதைப் பார்க்கவே மாட்டார். எண் அவர் மண்டையில் நிற்காது. முகம் நிற்கும். மொட்டை அடித்து, சந்தனம் பூசி, பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாமல் வருகிறவனிடம், "இன்னாப்பா, பச்ச ரெக்ஸின் பை, ஜிப்பு அறுந்தது, உன்னுதுதானே?" என்று எடுத்து நீட்டுவார். டோக்கனைத் தொலைத்துவிட்டு அழுதால், "மூஞ்சியத் தொலைக்கலியே, எட்துக்கினு போ!"

ஓடிபி வந்தால் மட்டும் ஆள் காலி. கண்ணாடியைத் தேடி, போனைத் தூரமாக நீட்டி, "நாலு... ஏழு... அப்பறம் இன்னாமோ" என்பதற்குள் நேரம் முடிந்துவிடும். கேஸ் சிலிண்டர் மூன்று தடவை திரும்பிப் போயிருக்கிறது.

இப்படிப்பட்டவர் ஒருநாள், அமெரிக்காவில் தோன்றிய மோர்மன் என்ற கிறிஸ்தவ சபையில் சேரப் போகிறேன் என்றார். மனைவி கன்னியம்மா, சித்தூர்க்காரி, இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பெங்களூர் மச்சான் அந்தச் சபையில் சேர்ந்தவர். அவர்கள் கோயிலில் முறைப்படி இணைத்துவைத்தால் புருஷன் பெண்டாட்டி செத்த பிறகும் பிரிய மாட்டார்கள், ஒருவர் முன்பே போயிருந்தாலும் இணைக்கலாம் என்று அவர் சொல்லிவிட்டார்.

"அவளோட சேரணும்பா. அவ்ளோதான்."

அப்புறம் போனில் ஒரு தெலுங்குப் பிரசங்கம் கேட்டார். மோர்மன்கள் அந்தக் காலத்து ஞானவாதிகளின் வாரிசுகள் என்று பிரசங்கி அடித்துச் சொன்னாராம். விடிந்ததும் என் கதவைத் தட்டினார். முகம் வெளுத்திருந்தது.

"ஞானவாதின்னா இன்னாப்பா?"

நானும் கண்டதையும் துழாவிப் படிக்கிறவன்தான். தெரிந்ததைச் சொன்னேன்: "பழைய காலத்துக் கிறிஸ்தவக் கூட்டம் நைனா. ஒலகத்தப் படைச்சது ஒரு அரகொற சாமி, ஒடம்பு ஒரு ஜெயிலு, ரகசிய ஞானம் கெடச்ச உசுருதான் தப்பிக்கும்னுவாங்க. மேல போற வழியில வாசலுக்கு வாசல் காவல்காரன். சரியான வார்த்த சொன்னாத்தான் வுடுவானாம்."

நைனா படியில் உட்கார்ந்துவிட்டார். "வாசலுக்கு வாசல் ஓடிபியா? அய்யோ தேவுடா!"

கோயிலுக்குள் கற்றுக்கொள்ளும் சிலவற்றை வெளியே சொல்லக்கூடாது என்று மச்சான் சொல்லியிருந்தது வேறு நினைவுக்கு வந்து தொலைத்தது.

"அவ உள்ள நிப்பா. நான் வெளிய 'நாலு... ஏழு...'ன்னுக்கினு நிப்பேன். அங்க மறுபடி அனுப்பற ரீசெண்ட் பட்டன் இருக்குமாப்பா?"

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. ஞாபகசக்திக்குப் பயிற்சி என்று, முகத்தைப் பார்க்காமல் டோக்கன் எண்ணை மனப்பாடம் செய்து பை கொடுத்தார். கார்வேட்டிநகரத்து விவசாயி ஒருவர் தம் பையைத் திறந்தால், உள்ளே கல்யாணப் பெண்ணின் பட்டுப்புடவை! கடை வாசலில் ஒரே ரகளை. நைனா மூலையில் ஒடுங்கி, "பாத்தியா, மறந்துட்டேன், மறந்துட்டேன்" என்றார். எனக்கே பயமாகிவிட்டது.

ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில், மோர்மன்களும் ஞானவாதிகளும் ஒன்றுதானா என்று மூன்று நாள் தேடிப் படித்தேன். நான்காம் நாள் சொன்னேன்.

"ரகசியம் கொஞ்சம் ஒத்துப்போவுது நைனா. மனுசன் தெய்வ நெலைக்கு ஒசரலாம்ன்றதும் ஒத்துப்போவுது. ஆனா இவங்களுக்கு ஒடம்பு ஜெயிலு இல்ல. கடவுளுக்கே ஒடம்பு உண்டுன்றாங்க. ஞானவாதி எல்லாத்தையும் உதறிட்டு ஓடறவன். இவங்க பொண்டாட்டி புள்ளைங்க எல்லாத்தையும் மூட்ட கட்டிக்கினு மேல போறவங்க. ரெண்டும் ஒண்ணு இல்ல."

மூட்டை என்றதும் நிமிர்ந்தார். "அப்ப கன்னியம்மா கை காலோட இருப்பா?"

"மூஞ்சியோடவும்."

"நான் வார்த்தய மறந்துட்டா?"

"டோக்கன் தொலைச்சவன நீ என்னிக்காவது திருப்பி அனுப்பிச்சிருக்கியா?"

நைனா மெதுவாக, "அவ பாத்துட்டா வுட மாட்டாப்பா. 'எவ்ளோ நேரம் அங்கயே நின்னுக்கினு இருப்ப, துன்ன வா'ன்னு கத்துவா. அந்த வாட்ச்மேனுக்கும் சேத்து திட்டு வுழும்" என்றார். அன்றைக்கு ஆறு இட்லி உள்ளே போனது.

இப்போது நைனா பெங்களூரில், அங்கே எழும்பிக்கொண்டிருக்கும் மோர்மன் கோயில் முடியக் காத்திருக்கிறார். நானும் சூளூர்பேட்டைக்குக் குடிமாறிவிட்டேன். போன வாரம் சித்தூர் போகிற வழியில் பழைய கடையில் பை வைத்தேன். வேறு ஆள், கம்ப்யூட்டர். திரும்பி வந்து கேட்டபோது அவர் தலையைத் தூக்காமல், "ஓடிபி செப்பண்டி" என்றார். அந்த எண் வந்திருந்த என் போன் சார்ஜ் தீர்ந்து அணைந்து கிடந்தது. போனைத் தட்டிக்கொண்டு நானும் வாசலிலேயே நின்றேன்.

மேலே இருப்பது எந்த மதத்து வாசலாகவும் இருக்கட்டும். என் முறை வரும்போது கவுண்டரில் டோக்கன் நைனா உட்கார்ந்திருந்தால் போதும்.