கராஜ் மோட்டரில் பூத்த தாமரை

எங்கள் சனத்தில் ஒரு பிள்ளை பொறியியல் படிக்கப் போனால் போதும், அடுத்த நாளே சொந்தக்காரர் வீட்டுச் சாமான்கள் எல்லாம் பழுதாகத் தொடங்கிவிடும். நான் மெக்கானிக்கல் இஞ்சினியரிங் இரண்டாம் வருடம் படித்தபோது ரைஸ் குக்கர், தையல் மெஷின், பக்கத்து வீட்டு அன்ரியின் வாக்குவம் கிளீனர் என்று எல்லாம் என்னைத் தேடி வந்தன. நாலைந்தைத் திருத்தியும் கொடுத்துவிட்டேன். அதோடு எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. (இப்போது இறங்கிவிட்டது. எப்படி இறங்கியது என்பதுதான் கதை.)

அந்த வருடம்தான் அக்காவுக்குக் கலியாணம். ரிசெப்ஷனில் பொம்பிளையும் மாப்பிள்ளையும் மண்டபத்துக்குள் எப்படி வந்து தோன்றுவது என்பது எங்கள் ரொறொன்ரோவில் சின்ன விஷயம் இல்லை. குதிரை வண்டி, பல்லக்கு எல்லாம் மற்றவர்கள் செய்து முடித்துவிட்டார்கள். யாரும் செய்யாத ஒன்று வேண்டும் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றாள்.

"நான் செய்து தாறன்" என்றேன். "பெரிய தாமரைப்பூ. உள்ளுக்கை நீயும் அத்தானும் கும்பிட்டபடி நிண்டால் சரி. நான் ரிமோட்டை அமத்த, மெல்ல மெல்ல விரியும்!"

"என்ரை கலியாணத்தைக் கவிழ்த்துப்போடமாட்டியே?"

"நான் இஞ்சினியரிங் படிக்கிறன், அக்கா."

"அதுதான் கேக்கிறன்."

அன்றே, கார் நிறுத்தும் எங்கள் கராஜின் கதவைத் தூக்கும் மோட்டரைக் கழற்றினேன். சட்டத்தில் எட்டுப் பெரிய இதழ்களைப் பொருத்தி, அவற்றின் கயிறுகளை மேலே பூட்டிய மோட்டரின் சங்கிலியில் கட்டினேன். சங்கிலி இழுத்தால் இதழ்கள் எழும்பி மொட்டாகும். விட்டுக்கொடுத்தால் தம் பாரத்திலேயே விரியும். புது ரிமோட்டும் வாங்கி, அதன் சொல் கேட்க மோட்டரைப் பழக்கினேன். முதல் தடவை அது விரிந்தபோது கராஜுக்குள் நான் துள்ளிய துள்ளலில் அப்பா ஓடி வந்துவிட்டார். (மோட்டர் இல்லாத கதவைக் கையால் தூக்கித் தூக்கி அவருக்கு இடுப்புப் பிடித்திருந்தது. ஆனாலும் கைதட்டினார், பாவம்.)

ரிசெப்ஷன் அன்று ஸ்காபரோ மண்டபம் நிரம்பி வழிந்தது. அத்தான் வீட்டார் விட்பியிலிருந்து வரிசையாகக் கார் பிடித்து வந்திருந்தார்கள். "எங்கடை மருமகளின்ரை தங்கச்சி செய்தது" என்று அத்தானின் அம்மா மேசை மேசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இது பிழைத்தால் போவது என் மானம் மட்டுமல்ல, புகுந்த வீட்டில் அக்காவின் முதல் நாளும்தான்.

விளக்குகள் அணைந்தன. புகை எழும்பியது. நான் ரிமோட்டை அமத்தினேன்.

விரிந்தது! எட்டு இதழ்களும் ஒன்றாக, அவ்வளவு அழகாக! நடுவில் அக்காவும் அத்தானும் கும்பிட்டபடி நின்றார்கள். மண்டபமே "ஆ!" என்றது. முன்வரிசையில் அம்மா கைப்பையை நெஞ்சோடு இறுக்கி அணைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். நான் தரையில் நிற்கவில்லை.

உடனே தாமரை மூடிக்கொண்டது.

"பாருங்கள், தாமரை வெட்கப்படுகிறது!" என்று மைக்கில் சமாளித்தார் அறிவிப்பாளர். நான் மறுபடி அமத்தினேன், விரிந்தது. இம்முறை கைதட்டல் இன்னும் பலம். அம்மா பக்கத்திலிருந்தவரிடம் என்னைக் காட்டி, பூரித்துப்போய்ப் பையை இன்னும் இறுக்கி அணைத்தார். தாமரை மறுபடியும் மூடியது. மூன்றாம் தடவையும் அதே கதிதான். அறிவிப்பாளரிடம் வெட்கம் தீர்ந்துபோய்விட்டது.

"பிள்ளை, வயரைப் புடுங்கு!" என்று அப்பா கத்தினார். ஓடிப்போய்ப் புடுங்கினேன். அதுதான் நான் செய்த மகா கெட்டித்தனம்: மின்சாரம் போனது, பூ மூடியபடியே இறுகி நின்றது.

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "எடியே! புகை மூக்குக்குள்ளை போகுது!"

அடுத்து அத்தான். "தங்கச்சி, இஞ்சை ஒரு சிவப்புக் கயிறு தொங்குது. எங்கடை கராஜிலையும் இருக்கு, கறண்ட் போனால் இழுக்கிறது. இழுக்கட்டே?"

அது சங்கிலியைக் கழற்றிவிடும் கயிறு. இழுத்தால் எட்டு இதழும் ஒரேயடியாக விழும். "வேண்டாம் அத்தான்!" என்று அலறினேன்.

"இழுங்கோ!" என்றாள் அக்கா.

அத்தான் அன்று காலையில்தான் தாலி கட்டியிருந்தார். ஆனாலும் யார் சொல்லைக் கேட்க வேண்டும் என்பது அதற்குள் அவருக்கு விளங்கிவிட்டது.

தடால்! ஏழு இதழ்கள் தரையில் விழுந்தன. எட்டாவது, கலியாணக் கேக்கின் மேல் விழுந்தது. முன்வரிசையின் பட்டுச் சேலைகளில் எல்லாம் கிறீம். புகைக்கு நடுவே இருவரும் ஒத்திகை பார்த்தபடியே கும்பிட்டுக்கொண்டு நிற்க, சனம் எழும்பி நின்று விசிலடித்தது. அத்தானின் அம்மா மூக்கிலிருந்த கிறீமை வழித்து நக்கிப் பார்த்து, "கேக் நல்லாயிருக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும்.

எல்லோரும் சாப்பிடப் போனபின், என்ன பிழை என்று பார்க்க வயரை மறுபடி செருகினேன். ஒன்றும் பிடிபடவில்லை, அழுகைதான் வந்தது. அம்மா ஓடி வந்து, "அழாதை குஞ்சு, வடிவாத்தானே விரிஞ்சது" என்று பையோடு சேர்த்து என்னைக் கட்டிப்பிடித்தார். மோட்டர் "உர்ர்" என்று ஓடத் தொடங்கியது.

பையைத் திறந்து பார்த்தோம். வீட்டுச் சாவிகளோடு திறப்புக் கோர்வையில் எங்கள் பழைய கராஜ் ரிமோட் தொங்கியது. புதிதைப் பழக்கிய நான், பழையதை மோட்டரின் நினைவிலிருந்து அழிக்க மறந்திருந்தேன். அம்மா பெருமைப்பட்ட ஒவ்வொரு தடவையும் என் தாமரை மூடியிருக்கிறது!

இப்போது நான் உண்மையாகவே இஞ்சினியர். சனிக்கிழமைகளில் நூலகத்தில் பிள்ளைகளுக்கு ரோபோ செய்யவும் பழக்குகிறேன். முதல் பாடம், பழைய ரிமோட்டை அழிப்பது. அவர்களின் கண்காட்சிக்கு அம்மா தவறாமல் வருவார். வாசலிலேயே அத்தான் கையை நீட்டுவார்: "மாமி, பையைத் தாங்கோ."

போன தடவை, பிள்ளைகள் செய்த குட்டி வண்டி தானாகவே உருண்டு போய்ப் பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றியது. அம்மா கண் கலங்கி மடியில் பையைத் தேடினார். பை இல்லை. பக்கத்தில் இருந்த, முன்பின் தெரியாத ஒரு தாயை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். நான் மூச்சைப் பிடித்தபடி வண்டியைப் பார்த்தேன்.

அது நிற்காமல் அடுத்த பூச்சாடிக்குப் போனது.