எழுபத்து நாலு, முப்பத்திரண்டு

"சாப்பாட்டு மேசை எனக்கு எப்போ திரும்பக் கிடைக்கும்?" என்று மனைவி கேட்டபோது, இன்ஜினியர் அந்த மேசைமேல் திறந்து கிடந்த கம்ப்யூட்டருக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தார்.

உண்மையில் அவர் இன்ஜினியர் இல்லை, தபால் பிரிவு குமாஸ்தா. ஒரு தடவை மேலதிகாரியின் ஸ்டேப்ளரைச் சரிசெய்து கொடுத்தார். அன்றிலிருந்து ஆபீஸில் அதுதான் பெயர். பெயர் மெல்ல மண்டைக்கு ஏறிவிட்டது.

அதனால்தான், மாமனார் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஆதிகாலத்துக் கம்ப்யூட்டர் திரையில் பாதி எழுத்துகளை விழுங்க ஆரம்பித்ததும், "ஞாயித்துக்கிழமை வந்து வாங்கிக்கங்க மாமா, புதுசு மாதிரி இருக்கும்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து மாமனார் இவரைப் பற்றி "பரவாயில்லை" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இந்த ஞாயிறு ஒரு "சபாஷ்" வாங்கியே தீருவது என்று இருந்தார்.

"ஞாயித்துக்கிழமை அப்பா எதுக்கு வர்றார்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாம என்ன? மெஷினை வாங்கத்தான்."

மனைவி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

எலெக்ட்ரானிக்ஸ் கடைக்காரர் போனில் தெளிவாகத்தான் சொன்னார். "பழைய மெஷின்னா சிப்பு மேல எழுபத்து நாலுன்னு ஆரம்பிக்கிற நம்பர் இருக்கும் சார். அதைப் பார்த்துச் சொல்லுங்க."

இன்ஜினியர் பூதக்கண்ணாடியை எடுத்தார். சிப்பின் மேல் வரியில் கம்பெனிக்காரன் ஏதோ நீளமாகக் கிறுக்கியிருந்தான். கீழ் வரியில் பளிச்சென்று 7432. பக்கத்துச் சிப்பிலும் 7432. மொத்தம் பதினாலு சிப், பதினாலிலும் அதேதான்.

கடைக்கே போய்ச் சொன்னதும் கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "எல்லாமே ஒரே சிப்பா சார்?"

"அந்தக் காலத்து ஆளுங்க. யாரும் குழம்பக் கூடாதுன்னு செஞ்சிருக்காங்க."

"அதுலயும் ரகம் இருக்கே. வேகமா ஓடுறது வேணுமா, கரண்ட் கம்மியா இழுக்கிறது வேணுமா?"

இன்ஜினியர் தக்காளி பொறுக்குவதுபோல் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, வேகமானதில் அஞ்சு எடுத்தார்.

ஒன்றை மாற்றினார். பாதி எழுத்து தெரிந்துகொண்டிருந்த திரையில் ஒரு எழுத்தும் தெரியவில்லை. மீதி நாலையும் மாற்றினார். மெஷின் 'கீ...' என்று கத்த ஆரம்பித்தது. தெருக்கோடி நாய் அதற்குப் பதில் சொன்னது.

"புதுசையும் பழசையும் கலந்தா அப்படித்தான் சண்டை போடும் சார்" என்றார் கடைக்காரர். "போட்டா எல்லாத்தையும் ஒரே ரகமாப் போடுங்க."

அந்த வாரம் முழுக்க அவருக்கு வேறு நினைப்பே இல்லை. குளிக்கும்போதும் எழுபத்து நாலு முப்பத்திரண்டு, பஸ்ஸிலும் எழுபத்து நாலு முப்பத்திரண்டு. ஆபீஸ் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் 7432 என்று எழுதி வைத்தார்.

"அந்த நம்பர் நல்லா மனசுல பதிஞ்சுடுச்சு போல" என்றாள் மனைவி.

"சாகிற வரைக்கும் மறக்காது!"

சனிக்கிழமை, கரண்ட் கம்மியாக இழுக்கும் ரகத்தில் பதினாலையும் மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைப் போட்டார். 'டப்' என்றது. பின்பக்கத்திலிருந்து லேசாகப் புகை வந்தது.

"சத்தம் நின்னுடுச்சு பார்த்தியா?"

"ஃபேனும் நின்னுடுச்சு" என்றாள் மனைவி.

ஞாயிறு காலை மாமனார் கையில் ஒரு தட்டையான அட்டைப்பெட்டியோடு வந்தார். உதிரி பாகம் கொண்டுவந்திருக்கிறார், நம்மேல் அவ்வளவுதான் நம்பிக்கை என்று இன்ஜினியர் நினைத்துக்கொண்டார். சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

"பழைய சிப்பெல்லாம்?"

"கிண்ணத்துல பத்திரமா இருக்கு மாமா."

"எந்த நம்பரைப் பார்த்துப் புதுசு வாங்கினீங்க?"

"கீழ் வரியில இருக்கே, 7432."

மாமனார் வயிறு குலுங்கச் சிரித்தார். "மாப்பிள்ளை, சிப்போட பேர் மேல் வரியில இருக்கிறது. ஒவ்வொண்ணும் வேற வேற. கீழே இருக்கிறது அதைச் செஞ்ச தேதி. எழுபத்து நாலாம் வருஷம், முப்பத்திரண்டாவது வாரம். பரவாயில்லை விடுங்க, பழசை அதது இடத்துல நான் மாட்டிக்கிறேன்."

சபாஷ் போனாலும் தலை தப்பியது. அந்த நிம்மதியில் இன்ஜினியருக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "சிப்புக்கெல்லாம் பிறந்தநாளா மாமா! இதை எந்த மடையன் ஞாபகம் வெச்சுக்குவான்?"

அடுக்களையில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது.

மாமனார் அட்டைப்பெட்டியை அவசரமாக அவர் கையில் திணித்தார்.

"மெதுவாப் பேசுங்க மாப்பிள்ளை. என் பொண்ணு பொறந்த வாரத்துல செஞ்ச சிப்புங்கிறதாலதான் இந்த மெஷினை நான் இத்தனை வருஷமா வெச்சிருக்கேன். இந்தாங்க கேக்கு, நீங்க வாங்கினதாவே சொல்லிடுங்க."