மூணாம் ஈத்து டேப்லெட்

பழைய பொருளை மதிப்பிடுவதில் பாரத தேசத்தில் இதுவரை தோன்றிய மேதைகளை வரிசையாக உட்கார வைத்தால், முதல் நாற்காலி கொழிஞ்சாம்பாறை மாட்டுத் தரகர் குப்பண்ணனுக்கு உரியது. இரண்டாவது நாற்காலியில் அவருடைய துண்டு கிடக்கும். மூன்றாவது நாற்காலிக்குத் தகுதியான ஆள் இன்னும் பிறக்கவில்லை.

அவர் வீட்டில் புதுசாக வாங்கிய பொருள் என்று ஒன்று கிடையாது. சைக்கிள், பீரோ, கிரைண்டர் எல்லாமே வேறு யாரோ வாழ்ந்து முடித்ததன் மிச்சம். ஒவ்வொன்றும் அவரால் பல் பார்க்கப்பட்டு, சுழி பார்க்கப்பட்டு, நடக்கவிட்டுப் பார்க்கப்பட்டு உள்ளே வந்தது. கிரைண்டரை எப்படி நடக்கவிட்டார் என்று கேட்கக் கூடாது. நடந்தது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் பார்த்தார்கள்.

விற்பதிலும் அவர் சாமானியர் அல்லர். கிழட்டு மாட்டுக்குக் கொம்பைச் சீவி, எண்ணெய் பூசி, நரைத்த நெற்றிக்கு மை தடவி, மடி புடைக்கும்வரை கறக்காமல் நிறுத்தி, "மூணாம் ஈத்துங்க, மூணு கன்னுதான் போட்டிருக்குது, என்ற புள்ளைங்க மேல சத்தியமுங்க" என்பார். வாங்கிப்போனவர் நாலு நாள் கழித்து "பாலே வரலீங்களே" என்று வந்து நின்றால், அதற்கும் ஒரு விஞ்ஞானம் வைத்திருந்தார்.

"தண்ணி மாறியிருக்குது இல்லீங்களா? பத்து நாள்ல சரியாயிருமுங்க."

பத்து நாளில் மாடு அப்படியேதான் இருக்கும். வாங்கியவர் சரியாகிவிடுவார்.

இப்பேர்ப்பட்டவரை மாமனாராகப் பெற்ற பாக்கியசாலி கௌரி. பக்கத்துச் சித்தூர் கல்லூரியில் கணக்கு படித்தவள். ஷார்ஜாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கும் வேலை ஒன்று அவளுக்கு வாய்த்திருந்தது. திங்கட்கிழமை சாயங்காலம் முதல் வகுப்பு. அது ஒழுங்காக நடந்தால் வேலை. இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள். திரையில் எழுதிக் காட்ட டேப்லெட் கட்டாயம் வேண்டும். புதுசு வாங்கக் கை எட்டவில்லை. பாலக்காட்டில் ஒரு கடையில் 'புதுப்பிக்கப்பட்ட' பழைய டேப்லெட் இருப்பதாக விசாரித்து வைத்திருந்தாள்.

"புதுப்பிச்சதுன்னா என்ன அம்மிணி?" என்றார் குப்பண்ணன்.

"பழசை ரிப்பேர் பண்ணி, தொடச்சு, புதுசாட்ட ஆக்கி விக்கறதுங்க மாமா."

குப்பண்ணனின் முகம் தார்மிகக் கோபத்தில் சிவந்தது. "அட அநியாயமே! பழசைத் தொடச்சுப் புதுசாட்டக் காட்டறானா? ஊருல கேக்க ஆளில்லீன்னு நெனச்சுட்டானா?"

"பழசுன்னு சொல்லித்தானுங்க விக்கறாங்க."

"நீ சும்மா இரு. நானும் வர்றன்."

வெள்ளிக்கிழமை காலை, ஒரு நபர் உயர்மட்ட ஆய்வுக் குழு தோளில் துண்டுடன் பாலக்காட்டு பஸ் ஏறியது. பின்னால் கௌரி.

கடைக்காரர் ஸ்ரீஜித் கல்பாத்திக்காரர். டேப்லெட்டை எடுத்துக் கொடுத்தார். குப்பண்ணன் அதை வாங்கி, திரையின் கீழ் ஓரத்தைக் கட்டைவிரலால் உதட்டைப் பிதுக்குவதுபோல் அழுத்தி, உள்ளே உற்றுப் பார்த்தார்.

"எத்தனை பல்லுங்க?"

ஸ்ரீஜித் கௌரியைப் பார்த்தார். "எத்தனை வருஷப் பழசுன்னு கேக்கறாங்க" என்று கௌரி மொழிபெயர்த்தாள்.

"அஞ்சு வருஷம் ஆச்சு. நான் ஒண்ணும் மறைக்கலை, கேட்டேளா? பேட்டரி மாத்தியிருக்கேன். மூலைல ஒரு கீறல் இருக்கு, பாருங்கோ. இனிமே பெரிய அப்டேட் எதுவும் வராது. கேம் விளையாடினா திணறும். கிளாஸ் எடுக்கறதுக்குன்னா தாராளமாப் போரும். வாரண்டி எழுதித் தரேன்."

கௌரி வகுப்பு நடத்தும் ஆப்பை அதில் ஏற்றினாள். திறந்தது. பேனாவால் ஒரு வகுத்தல் கணக்கைப் போட்டாள். மீதியில்லாமல் வகுபட்டது. அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது. அதே நேரம் மாமனாரின் கை அவள் பையைப் பிடித்துக் கடைக்கு வெளியே இழுத்தது.

"அம்மிணி, வா, ஓடிப் போயிரலாம்."

"ஏனுங்க மாமா?"

"குத்தத்தை அவனே சொல்றானே!"

"நல்லதுதானுங்களே?"

"என்ன புள்ளை நீ! நான் எத்தனை சந்தை பாத்தவன். வாயில மூணு குத்தம் சொல்றான்னா வவுத்துக்குள்ள முப்பது வெச்சிருப்பான். நல்ல சாமானை எவனாச்சும் குத்தம் சொல்லி விப்பானா? புள்ளைங்க மேல சத்தியம் பண்ணுனானா? இல்ல. சாமியக் கூப்புட்டானா? இல்ல. சீட்டு எழுதித் தர்றேங்கறான். சத்தியம் பண்ண மனசு வராதவன்தான் சீட்டு எழுதுவான்." குரலைத் தாழ்த்தினார். "அதும்போக முதுகுல பாத்தியா? மூலையில ஒத்தைச் சுழி. குடும்பத்துக்கு ஆகாது."

"அது கேமராங்க மாமா."

"பேரை மாத்துனா சுழி போயிருமா?"

உண்மை பேசிய ஒரே காரணத்துக்காக ஒரு வியாபாரி நிராகரிக்கப்பட்ட அந்தச் சரித்திர சம்பவத்துக்குப் பின், ஆய்வுக் குழு மத்தியான பஸ்ஸில் ஊர் திரும்பியது. கௌரி வழியெல்லாம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

விஷயம் டீக்கடை வரை போனது. டீக்கடை வரை போனது வேலந்தாவளம் வரை போகாமல் இருக்குமா? சனிக்கிழமை அங்கிருந்து சுவக்கீன் வந்து இறங்கினார். போன வருஷம் குப்பண்ணனிடம் 'மூணாம் ஈத்து' மாடு வாங்கி, இன்றுவரை தீவனம் மட்டும் போட்டுக்கொண்டிருப்பவர். மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எப்பேர்ப்பட்ட பெருந்தன்மை என்று குப்பண்ணன் நெகிழ்ந்தார்.

சுவக்கீன் மஞ்சள் பையிலிருந்து ஒரு டேப்லெட்டை எடுத்தார். பளபளவென்றிருந்தது. தேங்காயெண்ணெய் வாசம் லேசாக வந்தது. சார்ஜ் நூறு என்று காட்டியது.

"ஏதாச்சும் குத்தம் இருக்குதுங்களா?" என்றார் குப்பண்ணன்.

"குத்தமுங்களா? பச்சைப் புள்ளைங்கண்ணா. மூணாம் ஈத்துன்னு வெச்சுக்குங்க. என்ற புள்ளைங்க மேல சத்தியமுங்க."

குப்பண்ணனின் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு நாளாயிற்று இப்படி ஒரு நாணயஸ்தரைப் பார்த்து!

"கொஞ்ச நேரம் ஓட்டிப் பாத்துக்கட்டுங்களா மாமா?" என்றாள் கௌரி.

"நெறை மடியோட வந்து நிக்குது. நடுவாசல்ல வெச்சுக் கறப்பாங்களா?"

துண்டு விரிந்தது. துண்டுக்கடியில் இரண்டு கைகள் ஒன்றின் விரலை ஒன்று பிடித்து விலை பேசின. மேலே இரண்டு முகங்களும் மழை வருமா என்று வானத்தைப் பார்த்தன. விலை படிந்தது. குப்பண்ணன் தன் கைக்காசையே எடுத்துக் கொடுத்தார். தன் மேதைமையில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

சுவக்கீன் சார்ஜரையும் சேர்த்து நீட்டினார். குப்பண்ணன் கண்ணியமாக அதை ஒதுக்கினார்.

"மாட்டை வித்தாலும் கயிறு விக்கறவங்களுதுங்க. அதைக் குடுத்தா உங்க பட்டி ராசியே போயிரும். தொழில் மொறைய மீறப்படாது."

"மாமா, அது கயிறு இல்லீங்க…" என்றாள் கௌரி.

"கயிறு வேண்டாமுங்களாண்ணா? ஒருக்கா யோசிச்சுக்குங்க" என்றார் சுவக்கீனும். அவருக்கும் மனசாட்சி கொஞ்சம் இருந்தது.

"மொறைன்னா மொறைதானுங்க" என்றார் குப்பண்ணன். சுவக்கீன் கயிற்றை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

திங்கட்கிழமை சாயங்காலம் கௌரி நல்ல சேலை கட்டி உட்கார்ந்தாள். பக்கத்தில் மேற்பார்வைக்குக் குப்பண்ணன். திரையில் ஷார்ஜாவிலிருந்து ஒரு பையனும், அவன் தோளுக்கு மேலே அவன் அம்மாவும். கௌரி ஒரு பின்னத்தை எழுதத் தொடங்கினாள். மேலே உள்ள எண்ணை எழுதினாள். கோடு போட்டாள். கீழே உள்ள எண்ணை எழுதுவதற்குள் நூறு பதினொன்றாகி, பதினொன்று ஒன்றாகி, திரை இருண்டது.

கௌரி ஓடிப்போய்ப் புருஷனின் போன் சார்ஜரைக் கொண்டுவந்து செருகினாள். டேப்லெட் அதை மோந்து பார்த்ததோடு சரி, வாய் திறக்கவில்லை. குப்பண்ணன் அதன் முதுகைத் தடவிப் பார்த்தார்.

"மேலு சுடுதே. காச்சல்."

கௌரி தன் போனிலிருந்து ஷார்ஜாவுக்குக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். அந்த அம்மாள் புதன்கிழமை இன்னொரு தடவை பார்ப்போம், அதுதான் கடைசி என்றாள்.

மறுநாள் காலை கௌரி தோளில் பையோடு படியிறங்கினாள்.

"எங்க அம்மிணி?"

"பாலக்காட்டுக்குங்க மாமா. அந்தக் குத்தம் சொல்ற ஆளுகிட்ட."

"என்னை ஒரு வார்த்தை கேக்காமலா?"

"கேட்டதுனாலதானுங்க இப்படி நிக்கறன்."

பஸ் போனது. குப்பண்ணன் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு சுவக்கீனுக்குப் போன் போட்டார். நாணயம் செத்துவிட்ட தேசத்தைப் பற்றி அவருக்கு நிறையச் சொல்ல வேண்டியிருந்தது.

"ஏனுங்க சுவக்கீன், இது அடுக்குமா? ஒரு கணக்குப் போடறதுக்குள்ள மல்லாந்திருச்சே! புள்ளைங்க மேல சத்தியம் பண்ணிட்டு ஒரு மனுசன் இப்படிப் பண்ணுவானா? கிழடைத் தொடச்சுக் குடுத்து ஏமாத்துனா அந்தக் காசு ஒட்டுமா?"

போனில் சுவக்கீனுக்குப் பின்னாலிருந்து ஒரு மாடு கத்தியது. குப்பண்ணனுக்கு அந்தக் குரல் தெரியும். அதன் நெற்றிக்கு மை தடவியவரே அவர்தான்.

"இங்க இருந்தப்ப நல்லாத்தானுங்கண்ணா இருந்துச்சு" என்றார் சுவக்கீன், மிகுந்த மரியாதையோடு. "கயிறு மாறியிருக்குது, கரண்டு மாறியிருக்குது இல்லீங்களா? பத்து நாள்ல சரியாயிருமுங்க."