இரத்த வரி, அரைப் போத்தல்

எனக்கு ஒரு வியாதி உண்டு. நல்ல நாவல் ஒன்று கையில் கிடைத்தால் அதற்குள்ளேயே குடியேறிவிடுவேன். வெளியே வர விசா எடுக்கவேண்டும். அந்த விசா ஒருநாள் நேரத்துக்குக் கிடைக்கவில்லை.

பட்டம் வாங்கி இரண்டு வருடமாக மானிப்பாய் வீட்டில் சும்மா இருந்தேன். (சரித்திரப் பட்டதாரி வேறென்ன செய்வாள்?) சுன்னாகப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சரித்திர ஆசிரியை வேண்டுமென்று நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்டார்கள். அப்பா என் சேலையைத் தன் கையாலேயே அயன் பண்ணித் தந்தார்.

"பஸ்ஸில போகேக்கை குறிப்புகளை ஒருக்காப் பார், பிள்ளை."

"ஓம் அப்பா."

பார்த்தது நாவலை. விக்டோரியா மகாராணி காலத்து லண்டன். ஆனால் ஆட்சி இரத்தக் காட்டேறிகளிடம். பாராளுமன்றம் பொழுதுபட்ட பிறகே கூடும். சனங்கள் வரியை இரத்தமாகக் கட்டவேண்டும். இதற்கெல்லாம் சட்ட இலக்கம், அடிக்குறிப்பு வேறு. அடிக்குறிப்பு இருந்தால் எனக்கு அது வேதவாக்கு. ஒரு பிரபு கழுத்தைக் கடிக்கக் குனிந்த இடத்தில் நான் இறங்கவேண்டிய தரிப்பிடம் போய்விட்டது. அடுத்த தரிப்பிடத்தில் குதித்துத் திரும்பி ஓடினேன்.

மூச்சிரைக்கப் போய் உட்கார்ந்தேன். எதிரே அதிபர். பக்கத்தில் இளைப்பாறிய சரித்திர ஆசிரியை. தடித்த கண்ணாடி, சிரிப்பு அறவே இல்லை. எல்லோரும் அவரைப் 'பெரிய மிஸ்' என்றார்கள். முதல் கேள்வி அவருடையது.

"விக்டோரியா காலத்து ஏழைச் சனத்தை வருத்தின வரி ஒண்டு சொல்லும்."

"இரத்த வரி, மிஸ்."

அதிபரின் முகம் மலர்ந்தது. "உழைப்பாளியின்ரை இரத்தத்தை உறிஞ்சினதைச் சொல்லுறீர். நல்ல உவமானம்!"

அங்கேயே வாயை மூடியிருந்தால் இன்றைக்கு எனக்கு ஓய்வூதியம் நிச்சயம்.

"உவமானம் இல்லை, சேர். ஆளுக்குக் கிழமைக்கு அரைப் போத்தல். கர்ப்பிணிகளுக்கு மட்டும் விலக்கு."

அதிபரின் சிரிப்பு பாதியிலேயே நின்றது. அப்போதுதான் எனக்குத் தலைக்குள் மணி அடித்தது.

"உது எந்தப் புத்தகத்தில இருக்குது?" என்றார் பெரிய மிஸ்.

பொய் சொல்ல நினைத்தேன், நாக்கு ஒத்துழைக்கவில்லை. பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். அட்டையில் முடிசூடிய ஒருத்தி, கோரைப்பல் இரண்டிலும் இரத்தம் சொட்டச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதிபர் கதிரையைச் சற்றுப் பின்னால் இழுத்தார். பெரிய மிஸ் இரண்டு பக்கம் புரட்டினார். பிறகு புத்தகத்தைத் தன் கைப்பைக்குள் வைத்தார்.

"நீர் போகலாம்."

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அம்மா தலையில் கைவைத்தார். அப்பா அயன்பெட்டியை எடுத்து உள்ளே வைத்தார், அதுதான் கூடச் சுட்டது.

பத்து நாள் கழித்துத் தொலைபேசி அடித்தது. அப்பா எடுத்தார். "ஓம்... ஓம் மிஸ்..." என்று கேட்டுவிட்டு, ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

"வேலை இல்லையாம். ஆனா அந்த நாவலின்ரை ரெண்டாம் பாகம் உன்னட்டை இருக்கோ எண்டு கேக்கிறா."

இப்போது நான் பதிப்பகம் ஒன்றில் பிழை திருத்துகிறேன். இன்றும் வீட்டுக்கு வருகிறவர்கள், "பிள்ளை சரித்திரமெல்லே படிச்சவா, ஏன் படிப்பிக்கப் போகேல்லை?" என்று கேட்டால், அப்பா தேநீரை ஒரு வாய் உறிஞ்சிவிட்டுத்தான் பதில் சொல்லுவார்:

"போனவதான். சரித்திரம் மயிரிழையில தப்பிட்டுது."