டோக்கன் இல்லாத சலவைக் கடை

நீலச் சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார் டோக்கன்காரர். யாருடைய சட்டை என்று பிடிபடவில்லை.

அந்தத் தெருவில் துணிக்கு டோக்கன் கட்டாத ஒரே சலவைக் கடை அவருடையது. அதனாலேயே அவருக்கு அந்தப் பெயர். காலர் தேய்ந்த விதம், மாற்றித் தைத்த பொத்தான், எதைப் பார்த்தாலும் ஆளைச் சொல்லிவிடுவார்.

"துணி மாறிடுச்சுன்னு யாராவது திரும்பி வந்திருக்காங்களா? வந்தா அன்னிக்கே கடையை மூடிடுறேன்!"

இந்தச் சவாலைக் கேட்காதவர் தெருவில் இல்லை. திரும்பி வந்தவரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாடிக்கையாளர்கள் எதிர்ப்பக்கத்து பேக்கரி வாசலில் கூடி, அவர் கடைப் பைகளைப் பிரித்துத் துணிகளை விரித்துப் பார்ப்பார்கள்.

"பாத்தியா? நம்ம இஸ்திரியை ஒருத்தருக்கொருத்தர் காட்டிப் பெருமைப்பட்டுக்கிறாங்க" என்று மனைவியிடம் சொல்லி மீசையைத் தடவிக்கொள்வார்.

"ஆமாமா" என்று அவள் ரொட்டி வாங்கக் கிளம்பிவிடுவாள்.

அப்படிப்பட்டவர் இன்று நீலச் சட்டையைக் குத்துமதிப்பாக பஸ் டிரைவர் பையில் திணித்தார். நர்ஸாக இருக்கும் மகளிடம் மட்டும், சட்டை அடையாளம் தெரியாமல் போனதை மெல்லச் சொன்னார்.

"ராத்திரி தூங்குறீங்களாப்பா?"

"எங்கம்மா தூங்குறது? படுத்ததும் எல்லார் துணியையும் மனசுல ஒரு தடவை சொல்லிப் பாத்துக்குவேன். மறந்துடக் கூடாதுல்ல."

"அங்கதான் கோளாறே. பகல்ல பாத்ததெல்லாம் தூங்கும்போதுதான் மண்டையில படியும். வயசாக ஆக ஆழ்ந்த தூக்கம் தானாவே குறையும். இருக்கறதையும் நீங்க கெடுத்துக்கிறீங்க. நைட் டியூட்டி பாத்தா எனக்கே வண்டிச் சாவியை எங்க வெச்சேன்னு ஞாபகம் வராது, தெரியுமா?"

முதலில் சாயங்கால டீயை நிறுத்தினார். தலைவலியில் ஒரு சட்டைப் பையைப் பொசுக்கினார். மனைவியின் குறட்டைதான் காரணம் என்று அடுத்த அறைக்குப் பாயை மாற்றினார். சத்தம் இல்லாமல் கண்ணே மூடவில்லை. சரி, பகலில் ஈடுகட்டலாம் என்று துணி மூட்டையில் சாய்ந்து குட்டித் தூக்கம் போட்டார். குட்டி வளர்ந்து சாயங்காலம்வரை போனது. ராத்திரி கொட்டக் கொட்ட விழித்திருந்தார்.

கடைசியில் மனைவி இடுப்பில் கைவைத்தாள்.

"பாயை இந்த ரூமுக்கே கொண்டு வாங்க. இனிமே படுத்துக்கிட்டுத் துணிக்கணக்கு போட்டீங்கன்னா, எழுப்பி உக்கார வெச்சுப் பாடுவேன்."

அவள் பாட்டை அவர் ஏற்கெனவே கேட்டிருக்கிறார். கண்ணை மூடியவர் விடியும்வரை திறக்கவில்லை. மறுநாளும் அப்படியே.

அந்த வாரம் ஒவ்வொரு சட்டையும் வாய் திறந்து பேசியது. இது தையல்காரர், இது பள்ளிக்கூட வாத்தியார், இது பஸ் டிரைவர். ஒன்றில்கூடத் தயக்கமில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பைகளைக் கொடுத்தனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பேக்கரி வாசலில் வழக்கம்போலக் கூட்டம். ஆனால் சிரிப்பும் பேச்சும் இல்லை. பைகளைப் பிரித்தார்கள், பார்த்தார்கள், குசுகுசுவென்று பேசினார்கள். பிறகு மொத்தக் கூட்டமும் தெருவைக் கடந்து கடையை நோக்கி வந்தது.

டோக்கன்காரர் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தார். சொன்ன சொல் சொன்னதுதான். ஷட்டர் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"சொல்லுங்க. யாரோடது மாறிடுச்சு?"

பஸ் டிரைவர் தயங்கி, ரொட்டியோடு பின்னால் நின்ற டோக்கன்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எதுவுமே மாறலண்ணே, அதான் பயந்துட்டோம். நம்ம தெருவுக்கே பெருமையான கடையை மூடிடுவீங்களேன்னு இத்தனை வருஷமா பேக்கரி வாசல்லயே மாத்திக்கிட்டிருந்தோம். இந்த வாரம் அவங்கவங்க துணி அவங்கவங்களுக்கே வந்திருக்கு... உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?"