கோடு தொட்டவர்

வாசகரே, காற்றுத் துவக்கால் அட்டையில் சுடுகிற கழகம் எங்கே இருக்கிறதோ, அங்கே கோடு தொட்டவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். காதில் ரீங்கரித்துக் கடிக்கிற நுளம்பில்லாத குளம் இருந்தாலும் இவரில்லாத கழகம் இராது.

குறி அட்டையில் வட்டத்துக்குள் வட்டமாகக் கோடுகள். நடுவில் பட்டால் பத்து. வெளியே போகப்போக ஒவ்வொன்றாகக் குறையும். ஈயக் குண்டு போட்ட துளை ஒரு கோட்டை மயிரிழையளவு தொட்டாலும் உள்வட்டத்துப் புள்ளி கிடைக்கும். நம்மவர் குடியிருப்பது இந்த ஒரு விதியில்தான். மற்றவர்கள் சுடப் பழகுவார்கள். இவர் வாதாடப் பழகுவார்.

திருகோணமலைத் துறைமுகப் பக்கத்துக் கந்தோரொன்றில் கிளாக்கராயிருந்த பாக்கியரத்தினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை பின்னேரங்களில் சப்பாத்தை மினுக்கி, துவக்கைத் துடைத்து, ஒரு கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து, கடற்காற்று ஓயும்வரை காத்திருந்து சுடுவார். சுட்டதும் அட்டையிடம் ஓடுவார். மணிக்கூடு திருத்துகிற ஆதம்பாவாவிடம் இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்காத பூதக்கண்ணாடி சட்டைப் பையிலிருந்து வெளியே வரும்.

“மாஸ்டர், வடிவாப் பாருங்கோ. கோட்டில முட்டிக்கொண்டெல்லோ நிக்குது!”

புள்ளி போடுகிற இராசதுரை மாஸ்டர், பாவம், வீட்டுக்குப் போகவேண்டிய மனிதர். “ஓம், ஓம், தொட்டதுதான்” என்று எழுதிவிடுவார்.

அறுபத்தைந்தாம் ஆண்டு, கொழும்புப் போட்டிக்குக் கழகத்திலிருந்து ஒருவரை அனுப்புவதென்று முடிவாயிற்று. பாக்கியரத்தினம் உடனே புதுக் காற்சட்டைக்கு அளவு கொடுத்தார்; மனைவி பூரணி அயலெல்லாம் சொல்லி முடித்தார். தெரிவுப் போட்டியின் கடைசிச் சுற்றில் எதிரே நின்றவர் கிண்ணியா மஹ்ரூப். சுடுவார், துவக்கை வைப்பார், தேத்தண்ணி குடிப்பார். அட்டைப் பக்கம் போகவே மாட்டார்.

மாஸ்டர் கூட்டிச் சொன்னார்: பாக்கியரத்தினம் எண்பத்தெட்டு, மஹ்ரூப் எண்பத்தேழு.

வென்றாயிற்று! கைகொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாமல்லவா? போனாரா? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.

“மாஸ்டர், இந்த எட்டு ஒன்பதெல்லோ? கண்ணாடியால ஒருக்காப் பாருங்கோ.”

மாஸ்டர் பார்த்தார். “ஓம், தொட்டிருக்கு. எண்பத்தொன்பது. அப்ப நியாயத்துக்கு மஹ்ரூப்பின்ர அட்டையையும் பாக்க வேணும்.”

பார்த்தார். மூன்று துளைகள் கோட்டில் முட்டிக்கொண்டு நின்றன. தொண்ணூறு!

“நான் கேக்கல்லியே, மாஸ்டர்” என்றார் மஹ்ரூப், சங்கடத்தோடு.

“நீங்கள் கேக்கேல்லை. இவர் கேட்டவரெல்லோ.”

மஹ்ரூப் கொழும்புக்கு றெயில் ஏறினார். புதுக் காற்சட்டை கந்தோருக்குப் போனது. உண்மையைச் சொன்னால், அதைப் பார்க்க எனக்கு இரக்கமாகத்தான் இருந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். பாஸாக ஒன்று குறைந்து மகனுக்கு முப்பத்தொன்பது புள்ளி வந்தபோது வாத்தியார் வீட்டுக்குப் போனது யார்? மீன் நிறுக்கையில் தராசு முள்ளோடு வழக்காடுவது யார்? அந்தக் கண்ணாடியை மற்றவருடைய அட்டைக்கும் ஒருநாளாவது பிடித்ததுண்டா? எதற்கும் சட்டைப் பையை ஒருமுறை தடவிப் பாருங்கள். ஏதாவது தட்டுப்பட்டால், காற்சட்டைக்கு இப்போதே அளவு கொடுக்க வேண்டாம்.