தேடிச் செல்லும் அலுவலகம்

மனிதகுலம் மருத்துவத்தில் இதுவரை கண்ட புரட்சிகளில் எங்கள் அலுவலகத்துப் புரட்சியே தலையாயது என்று நான் சொன்னால், அதில் தற்பெருமை துளியும் கிடையாது. சுற்றறிக்கையிலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது. முன்பெல்லாம் நோயாளி மருத்துவரைத் தேடிப் போனான், வரிசையில் நின்றான், திட்டு வாங்கினான். அந்தக் காட்டுமிராண்டி வழக்கத்தை நாங்கள் ஒழித்தோம். வீடிழந்து வீதியில் படுத்து, வலி மாத்திரையில் தொடங்கிப் போதைப் பொடியில் போய் விழுந்தவர்களை நாங்களே தேடிச் செல்கிறோம். திட்டத்தின் பெயர் 'தேடிச் செல்லும் நலம்'. நான் அதன் களத் தொடர்பு அலுவலர். களத்துக்குப் போனதில்லை. தொடர்பு மட்டும்தான் என் பொறுப்பு.

களத்துக்குப் போகிறவர் எங்கள் நர்ஸம்மா. அறிக்கை எழுதத் தெரியாது, பிடிவாதம் உண்டு. பாலத்தடியில் டெய்லர் என்று எல்லோரும் கூப்பிடும் ஒருவரிடம் நாலு மாதமாகத் தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். இருபது வருடம் மிஷினை மிதித்து முதுகு போய், முதுகுக்காக மாத்திரை தின்று, மாத்திரையால் கடை போய், கடைசியில் குடியிருந்த அறையும் போன மனிதர். ஒருவழியாக, போதையிலிருந்து மீட்கும் மருந்துக்கு டெய்லர் சம்மதித்தார்.

அந்த மருந்தில் ஒரு சங்கடம். முதல் வேளைக்கு முன்னால் அரை நாளாவது பொடியைத் தொடக் கூடாது. உடம்பு முறுக்கும், மூக்கு ஒழுகும், குளிர் உதறும். அந்த நேரத்தில் மாத்திரை வந்துவிட்டால் ஆள் பிழைத்தார். வராவிட்டால் பொடிக்காரன் வந்துவிடுவான். அவன் நேரம் தவறாதவன். அதனால் நர்ஸம்மா, இரவு எதையும் தொடாமல் இருங்கள், காலை பத்து மணிக்கு வண்டியோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

மறுநாள் ஒன்பதரைக்கு இயக்குநர் அவசரக் கூட்டம் கூட்டினார். பொருள்: 'தேடலை ஆழப்படுத்துதல்'. படம் எடுப்பதற்காக வண்டியைக் கழுவி வாசலில் நிறுத்தினோம். தனக்காக ஓர் ஆள் காத்திருக்கிறார் என்று நர்ஸம்மா மன்றாடிப் பார்த்தார். களப்பணியாளர் இல்லாமல் களப்பணியைப் பற்றி எப்படிப் பேசுவது என்று இயக்குநர் கேட்டார். நியாயமான கேள்வி. நர்ஸம்மாவின் கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார வைத்தோம்.

பதினொன்றரைக்கு வரவேற்பறையில் சலசலப்பு கேட்டு எழுந்து போனேன். டெய்லர் வாசல் நிலையைப் பிடித்தபடி நடுங்கிக்கொண்டிருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அவரைத் தாங்கிக்கொண்டு நின்றவள் தங்கையாம். துணிக்கடையில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். பத்து மணியிலிருந்து வழி பார்த்து, வண்டி வரவில்லை என்றதும் இருவரும் நடந்தே வந்துவிட்டார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திட்டம் தொடங்கிய மூன்று வருடத்தில் எங்களைத் தேடி ஒருவர் வருவது அதுவே முதல் தடவை.

"மாத்திரை இங்கதானே சார் இருக்கு?" என்றாள் தங்கை.

இருந்தது. என் நாற்காலிக்குப் பின்னால், அலமாரியில். பொய் சொல்வது என் வழக்கமில்லை.

"இருக்கும்மா. ஆனா அது நாங்க தேடிப் போய்க் குடுக்கற மாத்திரை."

"நாங்கதான் வந்துட்டோமே சார்."

"அதுதாம்மா சிக்கலே."

பொறுமையாக விளக்கினேன். படிவத்தில் 'கண்டறியப்பட்ட இடம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் எங்கள் அலுவலக முகவரியையே எழுதினால் மேலிடத்தில் சிரிக்க மாட்டார்களா? இன்று இவருக்குக் கொடுத்தால் நாளை ஊரே வந்து நிற்கும். அப்புறம் எங்களுக்கும் சாதாரண ஆஸ்பத்திரிக்கும் என்ன வித்தியாசம்? இருந்தாலும் நான் மனசாட்சி உள்ளவன். உள்ளே போய் இயக்குநரின் காதில் விஷயத்தைப் போட்டேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இருந்த இடத்துலயே போய் இருக்கச் சொல்லுங்க, நாம தேடிப் போவோம்" என்றார். முன்வரிசையில் இருந்த நர்ஸம்மாவிடம் நான் சொல்லவில்லை. கூட்டத்துக்கு நடுவே பேசுவது ஒழுங்கல்ல.

டெய்லர் சண்டை போடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, எத்தனை மணிக்குத் தேடுவீர்கள் என்று மட்டும் கேட்டார். சாயங்காலத்துக்குள் கண்டிப்பாக என்றேன். போகும்போது திரும்பி என் கழுத்தைப் பார்த்தார்.

"காலர்ல தையல் விட்டிருக்கு சார். நாளைக்குக் கை நடுங்காது. குடுத்து விடுங்க, போட்டுத் தர்றேன்."

தங்கை அவரைப் பாலத்தடியில் உட்கார வைத்துவிட்டு, எங்கள் பேச்சை நம்பிக் கடைக்குத் திரும்பியிருக்கிறாள்.

கூட்டம் மூன்றேகாலுக்கு முடிந்தது. நாங்கள் சொன்ன சொல் தவறவில்லை. நாலு மணிக்கெல்லாம் வண்டி பாலத்தடியில் நின்றது. பொடிக்காரன் இரண்டு மணிக்கே வந்து போயிருந்தான். நர்ஸம்மா போதையை முறிக்கும் மருந்தை மூக்கில் அடித்தார், வாயில் ஊதினார், நெஞ்சை அழுத்தினார். வண்டியோட்டி போதும்மா என்று சொல்லிக் கையைப் பிடிக்கும்வரை அழுத்திக்கொண்டே இருந்தாராம். டெய்லருக்கு மூச்சு திரும்பவில்லை. படிவம் மட்டும் குறையில்லாமல் நிரம்பியது.

மறுவாரம் தங்கை வந்தாள். துக்கத்தில் இருக்கிறவர் இவ்வளவு தூரம் வரலாமா, சொல்லியிருந்தால் நாங்களே வீடு தேடி வந்து ஆறுதல் சொல்லியிருப்போமே என்றேன். அவள் காதில் வாங்கவில்லை. அன்று அண்ணன் நின்ற வாசலில் போய் நின்றாள். அங்கிருந்து என் அலமாரி வரைக்கும் அடிமேல் அடி வைத்து எண்ணிக்கொண்டே வந்தாள்.

"பதினெட்டு" என்றாள். "எங்கண்ணன் அந்த உடம்ப வச்சுக்கிட்டு நாலு கிலோமீட்டர் நடந்து வந்தாரு சார். மிச்சம் இருந்தது பதினெட்டு அடி."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எங்களை நகரவே நகராதவர்கள் என்கிறாளா? ஆண்டறிக்கையை எடுத்து அவள் முன்னால் நீட்டினேன். கதியற்றவர்களைத் தேடி இந்த ஓராண்டில் எங்கள் வண்டி ஓடிய தூரம் நாற்பத்தோராயிரம் கிலோமீட்டர். பூமியை ஒரு சுற்று சுற்றி வந்ததற்குச் சமம் என்று நானே தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். அவள் அதைக் கையால்கூடத் தொடாமல் இறங்கிப் போய்விட்டாள். தூரத்தில் எந்தத் தவறும் இல்லை, மறுபடி கூட்டிப் பார்த்துவிட்டேன். அந்தப் பதினெட்டு அடியைத்தான் யாரும் நடக்கவில்லை. யாரும் என்றால், நான்.